ஊரின் பழங்கதையைத் தேட எந்த வரைபடம்? நூறாண்டுப் பழைய டோப்போ ஷீட்டும் மற்றவையும்

நேராகப் போக வேண்டிய ஒரு தெரு நடுவில் காரணமே இல்லாமல் வளைகிறது. இரண்டு பக்கமும் வீடுகள். மேடு இல்லை, பள்ளம் இல்லை, சுற்றிப்போக ஒரு பெரிய மரம்கூட இல்லை. தினமும் அந்த வளைவில் வண்டியைத் திருப்புகிறவர்கள் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. என்றைக்காவது ஒருவருக்கு அது உறுத்த ஆரம்பித்தால், அவருக்கு உள்ளூர் வரலாற்றுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து அவர் கேட்கப்போவது: இதை எந்தப் பழைய வரைபடத்தில் தேடுவது?

கையில் கிடைக்கக்கூடியவை பெரும்பாலும் நான்கு வகை. இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது ஆண்டுகளில் அரசு நில அளவைத் துறைகள் வெளியிட்ட டோப்போ ஷீட்டுகள், அதாவது மேடு பள்ளம், ஆறு, பாதை, ஊர் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் நிலப்பரப்பு வரைபடங்கள். வயல், மனை அளவில் வரைந்த பெரிய படங்களும் நிலத்துக்கு நிலம் எல்லை பிரித்து வரிக்காக எடுத்த புலப்படங்களும். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்த நகரப் படங்கள். விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்கள். எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருப்பவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டுமே இருப்பவருக்கு என் பதில்: டோப்போ ஷீட்டில் தொடங்குங்கள், ஆனால் வீடு, வேலி, சொத்து என்று கேள்வி சுருங்கிய அந்த நிமிடமே அதை மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஏன் என்பதுதான் மீதி.

டோப்போ ஷீட்: கேட்காத கேள்விக்கும் பதில்

மற்ற மூன்றிலும் தேட, எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். புலப்படத்துக்கு எந்த ஊர், எந்த எண் என்று தெரிய வேண்டும். காப்பீட்டுப் படத்துக்குத் தெருப் பெயர் தெரிய வேண்டும். டோப்போ ஷீட்டுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. ஒரு தாளை விரித்தால் பத்து இருபது மைல் சுற்றளவில் ஆறு, குளம், பாதை, ரயில், சூளை, ஆலை, சுடுகாடு, பாழடைந்த கோட்டை எல்லாம் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்று தெரிந்துவிடும். நாம் வளைந்த தெருவைத் தேடிப் போவோம். கண்ணில் படுவது அதற்கு வடக்கே இருந்த செங்கல் சூளையாக இருக்கும். இன்றைக்கு அங்கே இருக்கும் மூன்று குட்டைகளும் இயற்கைக் குட்டைகள் இல்லை, மண் வெட்டிய குழிகள் என்று அப்போதுதான் உறைக்கும்.

சரி, ஏன் குறிப்பாக அந்தக் காலத்துத் தாள்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் படங்கள் பார்க்க அழகாக இருக்கும். பிரான்ஸின் 1:80,000 (தாளில் ஒரு பங்கு, நிலத்தில் 80,000 பங்கு) ராணுவப் படம் மலைச்சரிவுகளைச் சின்னச்சின்னக் கீற்றுகளால் காட்டும்; சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் ஒரு இடம் இன்னொன்றைவிட எத்தனை அடி உயரம் என்று கீற்றிலிருந்து எண்ணிச் சொல்ல முடியாது. 1900ஐ ஒட்டிய தாள்களில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் வழக்கமாகிவிட்டன, வண்ண அச்சும் வந்துவிட்டது. அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1879ல் தொடங்கியது; அதன் அந்தக் காலத்து 1:62,500 தாள்களில் மனிதன் கட்டியது கறுப்பு, நீர் நீலம், உயரக் கோடு பழுப்பு. பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வே 1919க்கும் 1926க்கும் இடையில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் பொதுமக்களுக்காகவே ஒரு வண்ண வரிசையை வெளியிட்டது. 1767ல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறையும், 1904-05ல் அமைந்த குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, பழைய படங்களை ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டுப் புதிதாக அளந்து வண்ணத் தாள்கள் போட ஆரம்பித்தது.

நுட்பம் இப்படித் தேறிவிட்டது. நிலமோ இன்னும் பழைய நிலமாகவே இருந்தது. மோட்டார் வண்டிக்காகச் சாலைகளை நிமிர்த்தவில்லை. பெரிய அணைகளில் பல இன்னும் வரவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குவாபின் நீர்த்தேக்கத்துக்காக டேனா, என்ஃபீல்டு, கிரீன்விச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்களை 1938 ஏப்ரலில் சட்டப்படியே இல்லாமல் ஆக்கினார்கள். அதற்கு முந்தைய தாள்களில் அந்த ஊர்களின் தேவாலயம், பள்ளி, ஆற்றோர ஆலை, ஊருக்கு ஊர் போன சாலை எல்லாம் அப்படியே இருக்கின்றன. இன்றைய தாளில் அதே இடம் ஒரே நீலம். இங்கிலாந்தில் லேடிபவர் நீர்த்தேக்கத்துக்கு அடியில் போன டெர்வென்ட், ஆஷப்டன் கிராமங்களுக்கும் இதே கதை.

மறைந்த போக்குவரத்துக்கும் இந்தக் காலத்துத் தாளை மிஞ்ச ஆள் இல்லை. அமெரிக்காவில் ஊர்களுக்கு இடையே ஓடிய மின்சார ரயில்கள் இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் உச்சத்தில் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குள் பெரும்பாலானவை போய்விட்டன. அறுபது வயதுக்காரருக்கே நினைவில் இல்லாத அந்தத் தடங்கள் தாளில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆறுகளும் அப்படித்தான். ஃபுளோரிடாவின் கிசிமி ஆறு 103 மைல் வளைந்து வளைந்து ஓடியது. 1962க்கும் 1971க்கும் இடையில் அதை 56 மைல் கால்வாயாக நிமிர்த்தினார்கள். பிறகு தவறு என்று உணர்ந்து அதன் ஒரு பகுதியைத் திரும்ப வளைத்துவிட்டார்கள். நிமிர்த்துவதற்கு முந்தைய படம் ஒன்று கையில் இருந்தால், இன்றைக்கு வயல் நடுவே பிறை வடிவத்தில் கிடக்கும் ஈரநிலம் எந்த வளைவின் மிச்சம் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. மிக முன்பே தொழில்மயமான நகரத்துக்கு இந்தத் தாள் தாமதமாக வந்த விருந்தாளி. லண்டனின் ஃப்ளீட் ஆற்றைப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிலேயே மூடிச் சாக்கடை ஆக்கிவிட்டார்கள். 1920ன் தாளில் அதைத் தேடுவது வீண். அப்படிப்பட்ட இடத்துக்கு இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

தாளின் ஓரத்தில் இருக்கும் குறியீட்டு விளக்கத்தை முதலில் படித்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் படிப்பதில்லை. ஆர்டனன்ஸ் சர்வேயின் ஒரு அங்குலத் தாளில் சதுரத்தின் மேல் சிலுவை என்றால் கோபுரம் உள்ள தேவாலயம். வட்டத்தின் மேல் என்றால் கூம்பு உள்ளது. வெறும் சிலுவை என்றால் இரண்டும் இல்லாதது. இந்திய நில அளவைத் துறையின் விளக்கப் பட்டியலில் ஊர்களுக்கு இரண்டு குறியீடு: மக்கள் வாழ்வது, கைவிடப்பட்டது. ஒரு ஊர் எப்போது காலியானது என்று தேடுகிறவருக்கு அந்த ஒரு குறியீடு பத்து வாய்மொழிக் கதைக்குச் சமம்.

அதை நம்பக்கூடாத இடங்கள்

கொஞ்சம் கணக்கு போடலாம். ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்றால் 1:63,360. தாளில் ஒரு மில்லிமீட்டர், நிலத்தில் 63 மீட்டர். ஆறு மீட்டர் அகலச் சாலையை உண்மையான அளவில் வரைந்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வரும், கண்ணுக்கே தெரியாது. அதனால் சாலையைப் பல மடங்கு தடிப்பாக வரைவார்கள். அப்படி வரைந்ததும் சாலையோர வீடுகளுக்கு இடம் இல்லாமல் போகும். அவற்றை வெளியே தள்ளி வைப்பார்கள். ஆறும் சாலையும் ரயிலும் ஒரே பள்ளத்தாக்கில் ஒட்டி ஓடினால் மூன்றையும் விலக்கி வரைவார்கள். பொய் சொல்லும் எண்ணம் ஏதும் இல்லை. படிக்க முடிகிற மாதிரி வரைய வேறு வழி கிடையாது. ஆனால் "எங்கள் தாத்தா வீடு இந்தக் கறுப்புப் புள்ளிதான்" என்று விரல் வைக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்தப் புள்ளி ஒரு வீடாக இருக்கலாம், நான்கு வீட்டின் சுருக்கமாகவும் இருக்கலாம்.

அடுத்தது தேதி. இதில் நானே நன்றாக ஏமாந்திருக்கிறேன். ஒரு தாளின் கீழே இருந்த ஆண்டைப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டில் ஒரு பாலம் இருந்தது, ஒரு சாலை இல்லை என்று உறுதியாக எழுதி வைத்தேன். அது மறுஅச்சின் ஆண்டு. அளந்தது அதற்கு இருபது ஆண்டுக்கு முன்னால். பாலம் ரயிலுடையது, அதனால் அதை மட்டும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். சாலையை யாரும் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை. ஒரே தாளில் இரண்டு காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இது விதிவிலக்கு இல்லை. ரயில் பாதைகளை மட்டும் திருத்திவிட்டு மற்றதை அப்படியே அச்சிடுவது அந்தத் துறைகளில் சகஜம். அமெரிக்கத் தாள்களில் நேர்மாறான சிக்கல்: பதிப்பு 1908, மறுஅச்சு 1931 என்கிற மாதிரி மூலையில் போட்டிருப்பார்கள், உள்ளே இருப்பது 1908ன் நிலம்தான். ஆக ஒவ்வொரு தாளிலும் அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, வெளியிட்ட ஆண்டு, மறுஅச்சின் ஆண்டு என்று நான்கையும் தேட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் சில நகல்களில் ஓரத்தை வெட்டிவிட்டு நடுப்படத்தை மட்டும் ஏற்றியிருப்பார்கள். ஓரம் இல்லாத டோப்போ ஷீட்டை நான் ஆதாரமாக எடுப்பதில்லை. பார்த்து ரசிப்பதோடு சரி.

மூன்றாவது, மௌனம். பிரிட்டிஷ் தாள்களில் பாதுகாப்புத் துறை சார்ந்த இடங்களை வெறும் வயலாக விட்டிருப்பார்கள். மற்ற நாடுகளும் இதில் சளைத்தவை இல்லை. வரைந்தவர்களின் தேவையும் தாளில் இருக்கிறது: படை நடக்க முடியுமா, வண்டி போகுமா, தண்ணீர் எங்கே, மேடு எங்கே. யார் எங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்பது இரண்டாம்பட்சம். குடிசைகள் திரளாக இருந்த இடம் தாளில் வெற்றிடமாக இருந்தால், அங்கே யாரும் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அளந்தவர் அதைக் குறிக்கவில்லை என்பது மட்டுமே நமக்குத் தெரியும்.

வயல் அளவுக்கு இறங்கும் படங்கள்

வளைந்த தெருவுக்குத் திரும்புவோம். டோப்போ ஷீட் அங்கே ஒரு சின்ன நீலத் திட்டைக் காட்டிவிட்டது, குளமாக இருக்கலாம். தெரு அதைச் சுற்றித்தான் வளைந்ததா, அல்லது குளம் ஐம்பது மீட்டர் தள்ளி இருந்ததா? 63 மீட்டரை ஒரு மில்லிமீட்டரில் அடக்கும் படம் இதற்குப் பதில் சொல்லாது.

இங்கேதான் பெரிய அளவுப் படங்கள் வேண்டும். ஆர்டனன்ஸ் சர்வேயின் மைலுக்கு ஆறு அங்குல வரிசையில், அதாவது 1:10,560ல், ஒரு மில்லிமீட்டர் சுமார் பத்தரை மீட்டர். இருபத்தைந்து அங்குல வரிசையில், 1:2,500ல், இரண்டரை மீட்டர்தான். இதில் சாலையின் அகலம் உண்மையான அகலம். கிணறு, கைப்பம்பு, வேலி ஓரத்து மரம் வரைக்கும் இருக்கும். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு எண், அதன் கீழே ஏக்கரில் மூன்று தசம இலக்கம் வரை பரப்பு. முதன்முதலில் இதைத் திறந்தபோது டோப்போ ஷீட்டை ஏன் தொட்டேன் என்றுகூடத் தோன்றியது. அரைமணி நேரத்தில் அந்த எண்ணம் போய்விட்டது. ஒரு தாள் ஒன்றரை சதுர மைல்தான் காட்டும். நாம் தேடுவது தாளின் ஓரத்தில் இருந்தால் அடுத்ததையும், அதற்கடுத்ததையும் ஒட்ட வேண்டும். ஊரின் உருவம் கையில் நிற்காது. மேட்டு நிலங்களுக்கும் தரிசுகளுக்கும் இருபத்தைந்து அங்குலப் படமே எடுக்கவில்லை. உலகின் பல பகுதிகளில் இப்படி ஒரு வரிசை என்றைக்கும் இருந்ததும் இல்லை.

அங்கெல்லாம் கைகொடுப்பது வரிக்காக எடுத்த புலப்படம். பிரான்ஸில் 1807ன் சட்டத்தின்படி தொடங்கிய நெப்போலியன் காலத்துப் பதிவு, ஆஸ்திரியப் பேரரசில் 1817லிருந்து 1861 வரை 1:2,880ல் எடுத்தது, மெட்ராஸ் மாகாணத்தில் 1858லிருந்து நடந்த வருவாய் நில அளவையில் மைலுக்குப் பதினாறு அங்குலத்தில் வரைந்த கிராமப் படங்கள், எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் பலம் படத்தில் இல்லை, படத்தோடு வரும் பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் யார் பெயரில், நன்செயா புன்செயா, எவ்வளவு தீர்வை என்று ஒரு வரி இருக்கும். குளம் ஊர்ப் பொதுவா, தனியார் சொத்தா, எப்போது மனையாக மாறியது என்ற கேள்விக்கு வேறெங்கும் பதில் கிடைக்காது.

பலவீனமும் அங்கேயே. வரி போட முடியாததில் அளவைக்காரருக்கு அக்கறை இல்லை. உயரம் கிடையாது. நீர் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியாது. ஒவ்வொரு ஊரும் தனித் தீவாக இருக்கும். இரண்டு ஊர்ப் படங்களை எல்லையில் சேர்த்து வைத்தால் பெரும்பாலும் பொருந்தாது. பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்து, பிறகு கையால் திருத்தித் திருத்தி வந்தவை. எந்தக் கோடு எந்த ஆண்டின் கோடு என்று பிரிப்பது தனி வித்தை.

நம் காலகட்டத்துக்கே கச்சிதமாகப் பொருந்தும் ஒரு பொக்கிஷம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருக்கிறது. 1909-10ன் நிதிச் சட்டத்தில் நிலத்தின் மதிப்பு உயர்வுக்கு வரி போட முடிவுசெய்தார்கள். அதற்காக ஏறக்குறைய நாடு முழுவதும் உள்ள சொத்துகளை மதிப்பிட்டு, ஆர்டனன்ஸ் சர்வேயின் பெரிய அளவுத் தாள்கள் மேலேயே வண்ணம் தீட்டி எண் போட்டார்கள். உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார், கட்டடம் என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதிய களக் குறிப்பேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த வரி நீடிக்கவில்லை, சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். நமக்கு மிஞ்சியது படமும் பதிவேடும் ஒரே காலத்தில், ஒரே எண்ணில் பேசும் ஒரு தொகுப்பு. அங்கே ஊரைத் தேடுகிறவர் டோப்போ ஷீட்டுக்கு அடுத்து நேராக இதற்குப் போகலாம்.

நகரத்துக்கு மட்டும்: காப்பீட்டுப் படங்கள்

உங்கள் தெரு நகரின் நடுவில் இருந்தால் இன்னொரு வழி உண்டு. அமெரிக்காவில் 1867ல் தொடங்கிய சான்பார்ன் நிறுவனம், தீப்பிடித்தால் எவ்வளவு நஷ்டம் என்று காப்பீட்டு நிறுவனங்கள் கணக்குப் போடுவதற்காக ஒரு அங்குலத்துக்கு ஐம்பது அடி என்ற அளவில் ஊர் ஊராக வரைந்தது. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். எத்தனை மாடி, கூரை எதனால் ஆனது, கீழே கடையா தொழிற்சாலையா, இரவுக் காவலர் உண்டா என்பதுவரை குறிப்பு இருக்கும். கனடாவிலும் பிரிட்டனிலும் கோட் என்ற நிறுவனம் இதே வேலையைச் செய்தது. கட்டடத்தின் வரலாறு வேண்டுமானால் டோப்போ ஷீட்டை இதன் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஆனால் தீப்பற்றிச் சாம்பலாகும் அளவுக்கு மதிப்புள்ள சொத்து இல்லாத தெருவுக்கு இவர்கள் போகவில்லை. ஊருக்கு வெளியே காலடி வைக்கவில்லை. புதுக் கட்டடம் வந்தால் பழையதன் மேல் காகிதத் துண்டை ஒட்டித் திருத்துவார்கள். ஒட்டிய துண்டுக்கு அடியில் என்ன இருந்தது என்பது பெரும்பாலும் அத்தோடு மறைந்தது.

வணிக நிறுவனங்களின் சாலைப் படங்களை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 1930களில் ஜெனரல் டிராஃப்டிங் நிறுவனத்தின் நியூயார்க் மாநிலச் சாலைப் படத்தில், திருட்டு நகலைப் பிடிப்பதற்காக, வரைந்த இரண்டு பேரின் பெயரெழுத்துகளைக் குலைத்து அக்லோ என்று இல்லாத ஊர் ஒன்றைப் போட்டார்கள். பிறகு படத்தைப் பார்த்த ஒருவர் அந்த இடத்தில் அக்லோ என்ற பெயரிலேயே கடை திறந்தார். பொய் ஊர் நிஜ ஊர் ஆகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆதாரமாக வைத்துக்கொள்ள நன்றாக இல்லை.

மேலிருந்து எடுத்த புகைப்படம்

டோப்போ ஷீட்டுக்கு உண்மையான போட்டி இதுதான் என்று நினைக்கிறேன். வரைபடத்தில் அளவைக்காரர் முக்கியம் என்று நினைத்தது மட்டும் இருக்கும். புகைப்படத்தில் அவர் விட்டதும் இருக்கும்: ஒற்றையடிப் பாதை, தனி மரம், குடிசைத் திரள், காயப்போட்ட நெல்கூட. தேதி சந்தேகமும் குறைவு; ஒரு நாளில், ஒரு மணி நேரத்தில் எடுத்தது.

புதைந்ததையும் அது காட்டும். மண்ணுக்கு அடியில் பழைய அகழி இருந்தால் அதன் மேல் பயிர் ஈரத்தில் செழித்து வளரும். பழைய சுவர் இருந்தால் வாடும். தரையில் நின்றால் தெரியாத இந்த வேறுபாடு மேலிருந்து கோடாகத் தெரியும். 1920ல் ஆர்டனன்ஸ் சர்வேயின் முதல் தொல்லியல் அலுவலராகச் சேர்ந்த ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு இதை வைத்துத்தான் விமானத் தொல்லியலுக்கு அடித்தளம் போட்டார். நம் வளைந்த தெருவில் குளம் தூர்ந்து வயலாகி இருபது ஆண்டு ஆன பிறகு எடுத்த படத்தில்கூட, கருமையான ஒரு வட்டம் அதன் இடத்தைச் சொல்லிவிடக்கூடும்.

அப்படியென்றால் இதையே முதலில் பார்க்கலாமே? இரண்டு தடை. முதலாவது, காலம். பிரான்ஸில் 1919லிருந்தே படங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் விவசாயத் துறை சாகுபடிப் பரப்பைச் சரிபார்க்க 1930களில் பெருமளவில் எடுக்கத் தொடங்கியது. பிரிட்டனில் நாடு தழுவிய தொகுப்பு இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் வந்தது. 1905ல் என்ன இருந்தது என்பதற்கு எங்குமே விமானப் படம் கிடையாது. இரண்டாவது, அது ஊமை. பெயர் இல்லை, உயரம் இல்லை, அது கோயிலா கிடங்கா என்று சொல்ல ஆள் இல்லை. பழகாத கண்ணுக்குக் குளமும் நிழலும் ஒரே கறுப்பு. டோப்போ ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் படம் வாய் திறக்கும்.

திரையிலா, தாளிலா

எதைப் பார்ப்பது என்று முடிவுசெய்தபின் எப்படிப் பார்ப்பது என்று இன்னொரு முடிவு இருக்கிறது. சுலபமான வழி, ஏற்கனவே இடம் பொருத்தி வைத்திருக்கும் தளங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் விரித்து, ஒரு பொத்தானை இழுத்து மங்கவைக்கலாம். அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1884லிருந்து 2006 வரையிலான தாள்கள் 1,78,000க்கும் மேல் இலவசமாக இறக்க வைத்திருக்கிறது. பிரான்ஸின் தேசிய நிலவரைவு நிறுவனம் பழைய படத்தையும் விமானப் படத்தையும் அருகருகே காட்டும் தளம் நடத்துகிறது. ஹங்கேரியின் ஆர்கானம் தளத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ராணுவ அளவைகள் இருக்கின்றன. உங்கள் பகுதி இவற்றில் ஒன்றில் இருந்தால், பத்து நிமிடத்தில் தெருவின் வளைவும் குளமும் ஒன்றின் மேல் ஒன்று வந்துவிடும்.

இல்லையென்றால் நீங்களே பொருத்த வேண்டும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். தாளிலும் இன்றைய படத்திலும் ஒரே இடத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்ட வேண்டும். குறைந்தது மூன்று புள்ளி; நான் பத்துக்குக் குறைந்து நிறுத்துவதில்லை, நான்கு மூலையிலும் பரவி இருக்க வேண்டும். ரயில் பாலம், பழைய கோபுரம், மலை உச்சியின் அளவைக் கல், நகராத நாற்சந்தி ஆகியவை நல்ல புள்ளிகள். ஆற்று வளைவைத் தொடாதீர்கள், அது நகரும். ஊர்ப்பெயர் எழுதிய இடத்தையும் தொடாதீர்கள்.

பொருத்திய பிறகும் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் பதற வேண்டாம். பழைய தாளில் தீர்க்கரேகையை எண்ணத் தொடங்கும் பூஜ்ஜியக் கோடு வேறாக இருக்கலாம். பிரெஞ்சுத் தாள்கள் பாரிஸிலிருந்து எண்ணும், ஆஸ்திரிய-ஹங்கேரித் தாள்கள் கேனரித் தீவுகளின் ஃபெரோவிலிருந்து எண்ணும். கிரீன்விச்சிலிருந்தே எண்ணினாலும் பூமியின் உருவத்துக்கு அன்று எடுத்த கணக்கு வேறு. கிரீன்விச் ஆய்வகத்தின் பழைய கோட்டில் நின்று ஜிபிஎஸ் கருவியைப் பார்த்தால் பூஜ்ஜியம் 102 மீட்டர் கிழக்கே இருக்கும். காகிதமும் சும்மா இருக்காது. 50 சென்டிமீட்டர் தாள் ஈரத்தில் அரை சதவீதம் விரிந்தால் இரண்டரை மில்லிமீட்டர், ஒரு அங்குலத் தாளில் சுமார் 160 மீட்டர். ஆக, பழைய கோடும் புதிய கோடும் நூறு மீட்டர் விலகி இருப்பதால் மட்டும் சாலை நகர்ந்துவிட்டது என்று எழுதாதீர்கள்.

களத்துக்குப் போகும்போது நான் திரையை நம்புவதில்லை. வேண்டிய பகுதியை மட்டும் பெரிதாக்கி அச்சிட்டு எடுத்துப்போவேன். வயதானவர்களிடம் வரைபடத்தை நீட்டினால் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது; வடக்கு மேலே இருக்கும் உலகம் அவர்கள் நடந்த உலகம் இல்லை. அதற்குப் பதிலாகத் தாளில் இருக்கும் பெயர்களை உரக்க வாசிப்பேன். அவை அந்நியக் காதில் விழுந்து அந்நிய எழுத்தில் ஏறிய பெயர்கள். அயர்லாந்தில் 1830களில் ஜான் ஓ'டொனவன் ஊர் ஊராகப் போய், ஆர்டனன்ஸ் சர்வேக்காகப் பெயர்களின் ஐரிஷ் மூலத்தைத் தேட வேண்டியிருந்தது. எழுத்தில் பார்த்தால் அடையாளம் தெரியாத பெயர், தப்பும் தவறுமாக வாசிக்கும்போது சட்டென்று ஒருவருக்குப் பிடிபடும். அவர் அதைத் திருத்திச் சொல்வார். அடுத்த மூச்சில் அங்கே என்ன இருந்தது என்றும் சொல்வார். அச்சிட்ட தாளின் ஓரத்தில் அதை அப்போதே எழுதிக்கொள்ளுங்கள், சொன்ன தேதியோடு.